இன்னும் எடுக்கவில்லை

பனியன் கம்பெனியில் ரங்கநாயகியின் கை தைத்துக்கொண்டிருக்கும், காது கதை கேட்டுக்கொண்டிருக்கும். போனில் யாரோ ஒருத்தி வாசிக்கும் மாயக்கதை, இப்படியே ஆறு பாகம் ஓடியிருந்தது. ஏழாவது பாகத்தில், அநாதைப் பெண் ஒருத்தியை முதுகில் சுமந்து மலைமலையாகப் பறந்த கிழட்டு டிராகன் செத்துப்போனது. தப்பாகப் போட்ட தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கிறவள்போல, கதையைப் பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் செத்தது.

அவள் போட்ட சத்தத்தில் சுற்றியிருந்த மெஷின்கள் நின்றன. "யாருக்குங்கக்கா என்னாச்சு?" என்று சூப்பர்வைசர் ஓடிவந்தான்.

"செத்துப்போச்சுங்க" என்றாள். யாரென்று கேட்பதற்குள் மறுபடி ஓவென்று அழுதாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பக்கத்து மெஷின் பாப்பாத்தி மாலையோடு துக்கம் கேட்க வந்தாள். வாசலில் பந்தல் இல்லை, ஆட்கள் இல்லை. உள்ளே ரங்கநாயகி மட்டும் காதில் இயர்போனோடு தரையில் கிடந்தாள்.

"யாருங்கக்கா? எடுத்தாச்சுங்களா?"

"இன்னும் எடுக்கல பாப்பாத்தி. பனிக்குள்ள கெடக்குது. அந்தப் புள்ள ஒண்டியா கட்டிப்புடிச்சுட்டு உக்காந்திருக்குது. கூட அழுகறதுக்கு ஒரு பொம்பள இல்ல."

பாப்பாத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரங்கநாயகி ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றி நீட்டினாள். "நீயாச்சும் கேளு சாமி" என்று கெஞ்சினாள்.

பாப்பாத்தி அதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அசையாமல் கேட்டாள். பிறகு மாலையை இருவருக்கும் நடுவில் வெறுந்தரையில் வைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்தாள்.