திருப்பிப் போட்ட ஃபேன்

"அண்ணே, உங்க கீபோர்டு ஃபேன் இரைச்சல் பாட்டையே முழுங்குது. இன்னிக்கும் கேட்டா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்று ரெக்கார்டிஸ்ட் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

கீபோர்டுக்காரர் திருகாணிகளைக் கழற்றி, ஃபேனைத் துடைத்து, நாலு மூலைக்கும் ரப்பர் வாஷர் கொடுத்தார். அவசரத்தில் முன்பின்னாகத் திருப்பிப் போட்டு மூடியும்விட்டார்.

இரைச்சல் போயே போச்சு. கூடவே தெருவில் போன லாரிச் சத்தமும் சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக்கும் ஃபேன் வழியே உள்ளே போயின. அதையெல்லாம் யார் கேட்டார்கள்? வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினார்.

'பளிங்கு மாதிரி இருக்குண்ணே! படம் முழுக்க நீங்கதான்!' என்று மெசேஜில் பதில் வந்தது.

துள்ளிக் குதித்துத் திரும்பினால், வாசற்படியில் மனைவி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் போட்ட ஃபேன் நினைவுக்கு வர, அவர் கீபோர்டின் கடைசிக் கட்டையை அழுத்தினார்.

"காதுல பஞ்சா வச்சிருக்கீங்க? எத்தனை தடவை கூப்பிடுறது!" என்று அதிலிருந்து அவள் குரல் வந்தது.

சுருதி இம்மியும் பிசகவில்லை.