இடது தோள்

“சேர்ட் தெறி பூட்டுறதெல்லாம் மனிசி பாத்துக்கொள்ளுவா, பிள்ளை. எனக்கு ஒரு குடம் தூக்க ஏலவேணும். அதை எழுதுங்கோ.”

படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த சாருஜா நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளவத்தையில் அவள் வேலை செய்யும் தொழில்வழிச் சிகிச்சை நிலையத்துக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்: எந்த வேலையைத் திரும்பச் செய்ய விரும்புகிறீர்கள்? தன் கையால் சாப்பிட வேண்டும் என்பார்கள், குளிக்க வேண்டும் என்பார்கள். குடம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

சிவபாதசுந்தரம் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வயது எழுபத்திரண்டு. நாலு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடப்பக்கம் சோர்ந்துவிட்டது. பாமன்கடையிலிருந்து தனியாக ஓட்டோவில் வந்திருந்தார். இரண்டு மூன்று நாள் சவரம் செய்யாத முகம்.

“ஏன் அங்கிள், உங்கட பக்கம் பைப்பில தண்ணி வாறேல்லையோ?”

“வருது. இது வேற அலுவல்.”

“சரி, இந்த வேலை உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? ஒண்டில இருந்து பத்துக்குள்ள சொல்லுங்கோ.”

“பத்து.”

“இப்ப எவ்வளவு செய்ய ஏலுது?”

மடியில் கிடந்த இடக்கையைப் பார்த்தார். “ஒண்டு.”

பிடியை அளக்கும் கருவியைக் கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். முள் நாலு கிலோவைத் தாண்டவில்லை. கையை உயர்த்தச் சொன்னாள். அது நெஞ்சு மட்டத்தில் நின்று நடுங்கியது.

ஒரு பிளாஸ்டிக் குடத்தில் கால்வாசி தண்ணீர் பிடித்து வந்தாள்.

“வலக்கையால தூக்கி வலது தோளில வையுங்கோ. அது சுகம்.”

“இல்லைப் பிள்ளை. இடது தோள்தான்.”

முதல் தடவை குடம் சரிந்து சேர்ட் எல்லாம் நனைந்தது. சாருஜா அவரைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டாம் தடவை குடம் நிலத்தில் விழுந்து உருண்டது.

“இண்டைக்குக் காணும் அங்கிள்.”

“இன்னும் ஒருக்கா.”

மூன்றாம் தடவை வலக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்க் குடத்தை அணைத்துப் பிடித்தார். ஆறு அடி நடந்தார். கதிரையில் விழுந்தாற்போல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“இப்பிடி மற்றக் கையால பிடிச்சால் பிழை இல்லையோ?”

“இதில என்ன பிழை? நல்லாச் செய்தியள்.”

“அப்ப ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரிவருமோ?”

“இண்டைக்கு வியாழன், அங்கிள்! கை திரும்பி வர ஆகக்குறைஞ்சது மூண்டு மாசமாவது வேணும். ஏன் இவ்வளவு அவசரம்?”

கீழே பெருவீதியில் பஸ்கள் போட்டி போட்டு ஹோர்ன் அடித்தன.

“மகன் வாறான். ரொறன்ரோவில இருந்து. எனக்கு அவன் ஒருத்தன்தான். பதினொரு வருசமா வரேல்லை.”

சாருஜாவுக்கு விளங்கிவிட்டது. வீடியோ கோலில் கைத்தடியை மறைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சிரித்துக் கதைக்கிற எத்தனையோ அப்பாமாரை அவள் கண்டிருக்கிறாள்.

“மகனுக்கு உங்கட வருத்தத்தைக் காட்ட விருப்பமில்லை, என்ன?”

“அவனுக்கு என்ர வருத்தம் தெரியும். விசாச் சிக்கலாலதான் வர ஏலாமப் போச்சு. ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேப்பான், கையை உயர்த்திக் காட்டுங்கோ அப்பா எண்டு.” நனைந்த சேர்ட்டின் நுனியை வலக்கையால் பிழிந்தார். “வீட்டில சொந்தக்காரர் எல்லாம் வந்திட்டினம். மனிசியை அவையளோட விட்டிட்டுத்தான் வந்தனான்.”

“மகனுக்குக் குடும்பம்?”

“இன்னும் கலியாணம் கட்டேல்லை.”

சாருஜா படிவத்தை மூடினாள். நனைந்த சேர்ட்டைத் துடைக்க ஒரு துவாயை அவரிடம் நீட்டிச் சிரித்தாள்.

“பிறகென்ன அங்கிள்? இளந்தாரிப் பிள்ளை வாறார்தானே. நீங்கள் சும்மா கஷ்டப்படாதைங்கோ. அந்தக் குடத்தை அவரே தூக்குவார்.”

சிவபாதசுந்தரம் துவாயை வாங்கவில்லை.

“அவன் பெட்டியில வாறான், பிள்ளை. கொள்ளிக்குடம் நான்தான் தூக்கோணும்.”