ஊற்றாத பால்

“வாயைத் திறந்து ஊத்துலே. வெரசா!”

பெரியப்பா பால் டம்ளரை என் கையில் திணித்தார்.

கட்டிலில் அப்பா. பூண்டுக் காட்டில் வேலை செய்யும்போது விழுந்தவர். பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இழுத்துக்கிட்டுக் கெடக்கு. மகன் கையால பால் எறங்குனா நல்லபடியாப் போயிருவான். நானும் மூணு மணி பஸ்ஸுல கொடைக்கானல் போயி கோடித்துணி, சாமானெல்லாம் வாங்கியாரணும். இந்தப் பூம்பாறையில என்ன கெடைக்குது?”

“ஊத்தக் கூடாது மாமா,” என்றாள் அம்மா.

பொன்னுத்தாய் அத்தை பிடித்துக்கொண்டது. “நல்லா இருக்கு மதினி! தண்ணி தண்ணின்னு எங்கண்ணன் பானையைக் கைகாட்டுது. நீ பானையைத் தூக்கி வெளிய வைக்கிறே. பகையாளி கூட இப்படிச் செய்ய மாட்டா.”

பானை வெளியே இருந்தது உண்மைதான். அதுக்காக அம்மாவோடு நானும் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் முந்தாநாள் அம்மா இல்லாத நேரம் ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தது இதே அத்தைதான். புரையேறி, முகம் நீலமாகி, அன்றைக்கே காய்ச்சல், மூச்சில் கரகரப்பு. அதைத்தான் இப்போது ‘இழுத்துக்கிட்டுக் கெடக்கு’ என்கிறார்கள். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. தொட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

“மிஷன் ஆஸ்பத்திரி தெரசம்மா சிஸ்டர் சொல்லித்தானே அனுப்புச்சு,” என்றாள் அம்மா. “தண்ணி, பாலு, காப்பி எல்லாம் நெஞ்சுக்குள்ள ஓடிருமாம். கொழகொழன்னுதான் குடுக்கணுமாம். அவருக்கு எல்லாம் புரியுதாம். வாய்தான் வரலையாம்.”

“புத்தியே கலங்கிப் போச்சு. என்னத்தப் புரியுது? ஊத்துலே! பஸ் போயிரும்.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

பெரியப்பாவுக்குப் பழனியில் பஞ்சாமிர்தக் கடை. வரும்போது கொண்டுவந்த டப்பா மூலையில் இருந்தது. திறந்தேன். கல்கண்டு, பேரீச்சம்பழம், திராட்சை எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டேன். மிச்சத்தைக் கரண்டியால் நன்றாக மசித்தேன்.

“ஏலே, பாலை ஊத்தச் சொன்னா என்னலே பண்றே?”

“முருகன் பிரசாதம். வேண்டாம்னு சொல்லுங்க, பாப்போம்.”



அம்மா அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் குனியவைத்தாள். கரண்டி நுனியில் கொஞ்சம் வைத்தேன். தொண்டை மெதுவாக ஏறி இறங்கியது. இருமல் இல்லை. இன்னும் கொஞ்சம். அதுவும் இறங்கியது.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்பா அவரைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

நான் ஏதோ கேட்கப் போனேன். அம்மா என் கையை அழுத்தினாள். “பேசாதே. அவரே சொல்லட்டும்.”

“அ… ண்ணே…”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டது.

“ப… பஸ்… போ.”

கோடித்துணிப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறார்.

பெரியப்பா அப்படியே நின்றார். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

“தாடையைக் குனியப் பிடி வீரம்மா,” என்றார் அம்மாவிடம்.

மறுபடியும் ஹாரன்.

“போ,” என்றார் அப்பா. இந்தத் தடவை இன்னும் தெளிவாக.

பெரியப்பா போகவில்லை.