சித்தியின் முகம்

"மொத ஆட்டம் அம்மாதான் ஆடணும். ஊருக்கெல்லாம் அப்புறம்" என்றபடி மதிவாணன் தன் அம்மா தனத்தை மாடி அறைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

அவன் மனைவி கார்குழலி கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "இன்னிக்கேவாங்க? சாயந்திரம் கேம வெளியிடணும். வேல கெடக்கு."

"ஒனக்கு எப்பதான் வேல இல்ல? போனக் குடு."

கொடுத்தாள். கொடுக்காமல் இருக்க முடியாது. வேலை செய்யும் இந்த மாடி அறை அத்தையுடையது. கருவடிக்குப்பத்து வீடே அத்தையுடையதுதான். மதிவாணன் தட்டாஞ்சாவடி கம்பெனியில் யார் திட்டினாலும் சிரித்துக்கொண்டே நிற்கிறவன். அம்மாவை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் மட்டும் வேறு ஆள். "அம்மா மனசு நோகற மாதிரி ஏதாவது நடந்துச்சு, உன் கம்ப்யூட்டரும் வேணாம், கேமும் வேணாம்" என்று எப்போதோ சொல்லிவைத்திருந்தான்.

குழலி உருவாக்கியிருந்தது ஒரு கதை விளையாட்டு. திரையில் படம் வரும். கீழே வசனம் வரும். இரண்டு பதில்களில் ஒன்றைத் தொட்டால் கதை அந்த வழியில் போகும். உலகத்துக்கே தெரிந்த கண்ணாடிச் செருப்புக் கதைதான். ஆடுகிறவர்தான் அதில் வதைபடும் பெண். வதைக்க ஒரு கொடுமைக்காரச் சித்தி உண்டு. அவளுக்கு முகம் தேவைப்பட்டபோது குழலி அதிக தூரம் அலையவில்லை. மாடிப்படி இறங்கினாலே அத்தை இருந்தாள். அதே மூக்குத்தி, அதே நெற்றி, முந்தானையை இடுப்பில் செருகும் அதே வாகு.

வசனம்தான் கஷ்டப்படுத்தியது. அத்தை வாயைத் திறந்தால்தானே? காபியை மேசையில் வைப்பாள். காலையில் வைத்த டம்ளரை எடுத்துக்கொள்வாள். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுவாள். அந்த மௌனத்துக்குள் எவ்வளவு விஷம் இருக்கும் என்று குழலி உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க வசனங்கள் தாமாகவே வந்து விழுந்தன. அடித்துத் திருத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சித்தியின் வாயில் வைத்தாள்.

தனம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். "'காபி ஆறிப்போச்சு. வேற போட்டு எடுத்துட்டு வா.' இது அந்தச் சித்தி பேசறதாம்மா?"

"ஆமா அத்த."

"கீழ ரெண்டு பதில் இருக்கு பாரும்மா, ஏதாவது ஒண்ணத் தொடு" என்றான் மதிவாணன்.

'எதிர்த்துப் பேசு' என்றிருந்தது. 'பேசாமல் போ' என்றும் இருந்தது. தனம் இரண்டாவதைத் தொட்டாள்.

"'பாத்திரத்த உருட்டாம கழுவத் தெரியாதா? தல வலிக்குது.'"

பேசாமல் போ.

"இவள நேர்ல பாத்தா கன்னத்துல ஒண்ணு வைக்கலாம் போல இருக்கு" என்றான் மதிவாணன். பிறகு திரையை நோக்கிக் குனிந்தான். "எங்கியோ பாத்த மூஞ்சியா கீதே."

"எல்லாக் கதைலயும் சித்திங்களுக்கு ஒரே மூஞ்சிதாங்க" என்றாள் குழலி. சொன்ன வேகம் அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அரண்மனை விருந்து வந்தது. "இளவரசன் இன்னா, வெள்ளக்கார முசே மாதிரி கோட்டு மாட்டிக்கினு நிக்கிறான்" என்று மதிவாணன் சிரித்தான். தனம் சிரிக்கவில்லை. அவள் அடுத்த வசனத்துக்குப் போயிருந்தாள்.

"'எல்லாரும் கெளம்பிட்டா வீட்ட யாரு பாத்துக்கறது? நீ இரு.'"

அவள் விரல் திரைக்கு மேலேயே நின்றுவிட்டது. தெருவில் மீன் விற்கிறவளின் குரல் தொலைவிலிருந்து வந்து, வாசலைக் கடந்து, மறுபடி தொலைவுக்குப் போனது. அதற்குள் குழலி கம்ப்யூட்டரையும் மேசையையும் தன் எதிர்காலத்தையும் மனதுக்குள் மூட்டைகட்டி முடித்திருந்தாள்.

பேசாமல் போ.

ஆட்டம் அடுப்படியிலேயே முடிந்துபோனது.

"செருப்பே வரலியேம்மா" என்றாள் தனம்.

"ஒரு தடவையாச்சும் நீங்க எதிர்த்துப் பேசியிருந்தா வந்திருக்கும் அத்த. எல்லாத்துக்கும் வாய மூடிக்கிட்டிருந்தா எப்டி வரும்?" இந்த நிலையிலும் ஆட்டத்தின் விதியை விளக்காமல் குழலியால் இருக்க முடியவில்லை.

"அப்டியா" என்றாள் தனம். மகனிடம் திரும்பினாள். "நல்லா செஞ்சிருக்காடா. கீழ குக்கர் வச்சிருக்கேன், போயி எறக்கு."

அவன் படியிறங்கிய சத்தம் ஓய்ந்த பிறகுதான் தனம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் முதலில் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"குழலி, அந்தச் சித்தி யாருன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு."

"அத்த, அது வந்து... சும்மா கதைக்காக..."

"பயப்படாத. அவங்கிட்ட சொல்லமாட்டேன்." தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் இல்லாதப்ப நீ தெனமும் என்னப் பேசற பேச்ச ஒண்ணுவிடாம எழுதியிருக்க. மனசு உறுத்தாம இப்டி எழுத வராதும்மா. மூஞ்சிய மட்டும் என்னுதா மாத்திட்ட, அதுவும் நல்லதுதான். உன் மூஞ்சியவே போட்டிருந்தா அவன் மொத வசனத்துலயே கண்டுபுடிச்சிருப்பான்."