தள்ளுவண்டிக்கு ஒரு சக்கரம்

“தள்ளுவண்டிக்கா?” என்று கேட்டாள் பட்டறைக்காரம்மா, கையிலிருந்த இரும்புச் சக்கரத்தை நீட்டாமலே.

“ஆமாம்மா. தோட்டத்துல மண்ணு அள்ளுற வண்டி” என்றார் பல் டாக்டர். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லிப் பழகிய வாய். பொய் தங்குதடையில்லாமல் வந்தது.

அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், அறுபது வருஷத்துப் பழசு, தெருமுனையில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. அதைக் கண்ணில் காட்டினால் போதும், இந்தப் பழைய இரும்புக்கு அவள் யானை விலை குதிரை விலை சொல்லிவிடுவாள். அது தெரியாத ஆளா அவர்?

மறுநாள் பழைய கார்களின் கண்காட்சி. நடுவர்கள் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள், அசல் ஸ்டெப்னி இல்லையென்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கார் வாங்கிய நாளிலிருந்தே அந்த இடம் காலி. இரண்டு வருஷமாகக் கிளினிக்கை மூடியதும் மூடாததுமாக ஓடிவந்து இழைத்து இழைத்துச் செய்த வண்டி, ஒரே ஒரு சக்கரத்துக்காக நின்றது. முந்தாநாள் பேப்பரில் ‘பழைய சக்கரம் விற்பனைக்கு’ என்று அளவோடு ஒரு வரி விளம்பரம் பார்த்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“லேசா கோணல் இருக்கு. நிமித்தித்தான் குடுப்பேன்” என்று அவள் சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுழற்றினாள். அளவு காட்டும் முள் இங்குமங்கும் துள்ளியது. ரிம்மின் ஓரத்தில் ஏற்கெனவே சாக்பீஸ் கோடுகள் மூன்று இருந்தன, மங்கிப்போய். அதில் இரண்டு இடம் நேராக்கப்பட்டிருந்தது.

“யாரோ பாதியில விட்டிருக்காங்களே?”

“நான்தான் விட்டேன். அப்புறம் இத நிமித்த வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு.”

மூன்றாவது கோட்டுக்கு நேராக ஜாக்கியை வைத்து அவள் கைப்பிடியை இறக்கினாள். இரும்பு முனகியது. பழைய இரும்பு, ஒரு அழுத்து கூடிப்போனால் விரிசல் விட்டுவிடும். இன்னொன்றுக்கு எங்கே போவது? டாக்டர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

“மெதுவாம்மா... மெதுவா...”

“மண்ணு வண்டிக்கா சார் இப்படி வேர்க்குது?”

அவர் அசடு வழியக் கைக்குட்டையைத் தேடினார். அவள் மறுபடி சுழற்றினாள். முள் அசையவில்லை. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்றது.

“விரிசல் இல்ல. நீங்க பாத்துக் குடுங்க.”

காயலான் கடைக்காரன்கூடக் கூசும் ஒரு விலையைச் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டிவிட்டாள். டாக்டருக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும் போலிருந்தது.

“ஆனா ஒண்ணு. வண்டியில நானே வச்சுப் பாத்துத்தான் குடுப்பேன். நடு ஓட்டை ஒரு நூல் தப்பினாலும் ஆடும், என் பேரு கெட்டுடும்.”

“வண்டி வீட்டுல இருக்கேம்மா.”

“அப்ப திங்கக்கிழமை கொண்டுவாங்க. நாளைக்கு லீவு.” சக்கரத்தைத் தூக்கி மறுபடி சுவரில் மாட்டிவிட்டாள்.

டாக்டர் வாசல்வரை போனார், திரும்பி வந்தார்.

“வண்டி பக்கத்துலதான் நிக்குது. ஆனா பேசின விலையை மாத்தக் கூடாது.”

“சொன்னா சொன்னதுதான் சார்.”

சக்கரத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். லாரியைத் தாண்டியதும் சட்டென்று நின்றாள். போச்சு, விலை ஏறப்போகிறது என்று டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கதவின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

“எப்பவுமே சிவப்பா?”

“நான் வாங்கும்போதே சிவப்புதான். ஒரு புரோக்கர் மூலமா வந்துது.”

அந்தப் புரோக்கரிடம் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்டதில்லை. அடிமாட்டு விலை, கேள்வி கேட்டால் கைநழுவிவிடும். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர் அன்று மட்டும் தன் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டார். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் பூட்டை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தான் புரோக்கர். டிக்கிக்குச் சாவியே இல்லை.

வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை எடுத்து டாக்டர் டிக்கியை நெம்பக் குனிந்தார்.

“விடுங்க சார், கீறல் விழும்.”

அவள் இடுப்புச் சாவிக்கொத்தை உருவினாள். பட்டறைச் சாவிகளுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சாவியைத் தேடி எடுத்து, டிக்கியின் பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். முனகாமல் திறந்தது. அவள் சக்கரத்தை அதன் குழியில் இறக்க, அது இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது.

டாக்டரின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“என் வண்டியத் தேடி மூணு வருஷம் அலைஞ்சேன், கிடைக்கல சார். அதான், சக்கரத்த விக்கிறேன்னு விளம்பரம் குடுத்தேன்.”