ஓட்டம்

தசரதன் சொல்வது பொய். தென்றலுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

வேங்கிக்கால் தாண்டி இருக்கும் பால் பதப்படுத்தும் ஆலையில், நேற்று பம்பு ஒன்று பாலே வராமல் நாற்பது நிமிஷம் வெறுமனே ஓடிக் கருகிப் போயிருந்தது. அப்போது கண்ட்ரோல் ரூமில் இருந்த ஆபரேட்டர் தசரதன். எங்கே கோளாறு என்று காட்டும் ஸ்கிரீன்களைப் போன மாதம்தான் தமிழில் வடிவமைத்துக் கொடுத்திருந்தாள் தென்றல். விசாரணையும் அவள் தலையில்.

"ஸ்கிரீனைப் பார்த்துட்டுதான் மேடம் இருந்தேன். ஓட்டம்னு பச்சையா எரிஞ்சுது."

"கம்ப்யூட்டர் பதிவுல பால் ஒரு சொட்டுகூட போகலண்ணா."

"எரிஞ்சுது மேடம்."

"நேத்து பௌர்ணமி. கிரிவலப் பாதையில உங்க வீட்டம்மா மோர்க்கடை. கூட்டம் ஜாஸ்தி. ஒரு எட்டு போயிட்டு வந்தீங்களா?"

தசரதன் முகம் சுண்டிப்போனது. "இருபது வருஷத்துல சீட்டை அம்போன்னு விட்டுட்டுப் போனதில்ல மேடம்."

மனுஷன் என்னமா நடிக்கிறார்!

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். "பக்கத்து பம்போட வால்வை மூடிட்டு ஒரு நிமிஷம் ஓட்டுங்க. பால் வராதப்போ ஸ்கிரீன் என்ன காட்டுதுன்னு பார்க்கலாம்."

ஓட்டினார். ஸ்கிரீனில் பச்சை எரிந்தது. 'ஓட்டம்.'

"பாருங்க மேடம், பால் ஓடுதுன்னுதானே காட்டுது?"

"அய்யோ, அது மோட்டார் ஓட்டம்..." சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தி ஸ்கிரீனை மறுபடி படித்தாள்.

மோட்டார் ஓடினாலும் ஓட்டம். பால் ஓடினாலும் ஓட்டம். அந்த வார்த்தையைத் தேடிப்பிடித்துப் போட்டவள் அவளேதான்.

வெளியே வந்தாள். சொன்னால் தன் பேர் கெடும். சொல்லாவிட்டால் அவர் வேலை போகும். ஒரு டீ ஆறுகிற வரைக்கும் யோசித்துவிட்டு மேனேஜர் உமாசங்கர் அறைக்குப் போனாள்.

"சார், அந்த பம்பு விஷயம்..."

"முடிஞ்சுதும்மா. தூங்கிட்டேன்னு அவரே எழுதிக் குடுத்துட்டாரு. மூணு மாசம் சஸ்பெண்ட்."

ஓடிப்போய் கேட்டில் அவரைப் பிடித்தாள்.

"ஏண்ணா பொய் எழுதினீங்க?"

தசரதன் வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"ஸ்கிரீன் மேல தப்புன்னா பழையபடி இங்கிலீஷையே போட்ருவாங்க மேடம். எங்க செட்டுல ஒன்பது பேருக்குத் தமிழ்தான் படிக்க வரும். நீங்க அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்திடுங்க."