பின் கதவு

"இதெல்லாம் ஒரு காரா, தீப்பெட்டி! என் பழைய பிளசர் கார்ல ஏறினா கூடத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் துரைக்கண்ணு. அண்ணன் சாவுக்குப் போகும்போதும் முதலாளிபோலப் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். ஓட்டியவள் மனைவி மரகதவல்லி.

சாவு வீட்டு வாசலில் அவள் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, தான் மட்டும் இறங்கினாள்.

"கதவு திறக்கலையே, மரகதம்?"

"உள்ளேருந்து திறக்காதுங்க. பிளசர்ல என் பக்கத்துக் கதவும் அப்படித்தானே?"

"அதுல கைப்பிடி உடைஞ்சிருந்துச்சுடி."

"இதுல குழந்தைங்களுக்குன்னு ஒரு பூட்டு வச்சிருக்கான். காலையில நான்தான் போட்டேன்."

பறை வேகம் பிடித்தது. "தூக்கப்போறாங்க, திற!"

"எங்கப்பாவையும் இப்படித்தான் தூக்கினாங்க. என்னை உள்ளேயே விட்டுட்டு, எங்க சித்தப்பாகிட்ட வண்டிப் பெருமை பேசிக்கிட்டு நின்னீங்க. நீங்க திறந்தப்போ பாடை தெருமுனை தாண்டிடுச்சு."

"அண்ணன் முகத்தை ஒருதரம் பார்த்துக்கிறேன், மரகதம்."

"ஆம்பளைக்குச் சுடுகாடு இருக்கு, அங்க பாருங்க. எனக்கு அன்னிக்கு அந்த வாசல்தான் இருந்துச்சு."

பாடை வெளியே வந்தது. மரகதவல்லி பெண்களுக்குள் புகுந்து, ஒருத்தியின் தோளைக் கட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்க, "அப்பா!" என்று அலறினாள்.